பனி வளைதடியாட்டத்தில் வீரர் பாதுகாப்பு

பனி வளைதடியாட்டத்தில் வீரர் பாதுகாப்பு என்பது, ஐஸ் ஹாக்கி என்று பரவலாக அறியப்படும் பனி வளைதடியாட்டத்தை ஆடுவோருக்குக் காயமும் நோயும் நேராமல் தடுப்பதற்கும், நேர்ந்தால் உயிரைக் காப்பதற்கும் கையாளப்படும் கருவிகள், ஆட்ட விதிகள், மருத்துவ நடைமுறைகள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். உலகின் மிக விரைவான குழு விளையாட்டுகளுள் ஒன்றாகிய இவ்வாட்டத்தில் இன்று இயல்பாகக் கருதப்படும் காப்புடைகளுள் பல, ஒரு வீரரின் மரணத்துக்கோ பெருங்காயத்துக்கோ பின்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டவை.

இந்தியாவில் இவ்வாட்டம் பெரும்பாலும் லடாக்கில் ஆடப்படுகிறது. அங்கு வட்டும் வளைதடியும் மட்டுமன்றி, கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரமும் கடுங்குளிரும் இயற்கைப் பனிக்கட்டியும் வீரர் எதிர்கொள்ள வேண்டிய இடர்களாக உள்ளன. சென்னை போன்ற கடலோர நகரங்களிலிருந்து அங்குச் செல்வோருக்கு இவை கூடுதல் முக்கியத்துவம் உடையவை.

ஆட்டமும் அதன் இடர்களும்

பனி வளைதடியாட்டத்தில் ஓர் அணிக்கு இலக்குக் காவலர் உட்பட ஆறு பேர் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பர். ஆடுகளம் ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 26 முதல் 30 மீட்டர் வரை அகலமும் கொண்டது. அதைச் சுற்றி உறுதியான பலகைச் சுவர் அமைந்திருக்கும். தரை வளைதடிப் பந்தாட்டத்தில் பந்து களத்தை விட்டு வெளியே போய்விடும். வீரரும் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடி நின்றுவிடலாம். இங்கு அதற்கு வழியில்லை. விரைந்து வரும் வீரர் சுவரில் மோதியே நிற்க நேரலாம்.

பந்துக்குப் பதிலாகப் பயன்படும் வட்டு கடினமான ரப்பரால் ஆனது. அதன் விட்டம் 7.62 செ.மீ., தடிப்பு 2.54 செ.மீ., எடை 156 முதல் 170 கிராம் வரை. துள்ளுவதைக் குறைப்பதற்காக ஆட்டத்துக்கு முன் இது உறைய வைக்கப்படுகிறது. தொழில்முறை வீரர் அடிக்கும்போது மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்லக்கூடியது. சிறந்த வீரர்கள் மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் சறுக்குகின்றனர்.

காயத்துக்கான காரணங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்:

* வீரர் வீரரோடு மோதுதல்
* சுற்றுப்பலகையிலோ இலக்குக் கம்பத்திலோ மோதுதல்
* வட்டு அல்லது வளைதடி தாக்குதல்
* சறுக்குக் காலணியின் கூரிய எஃகுத் தகடு வெட்டுதல்
* திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளால் தசையும் மூட்டும் நைதல். இடுப்பு, தொடை இடுக்குப் பகுதிகளில் இது மிகுதி. முழங்காலிட்டுத் தடுக்கும் இலக்குக் காவலருக்கு இடுப்பு மூட்டுத் தேய்வு பொதுவான சிக்கலாகும்.

காப்புடைகளின் வரலாறு

தலைக்கவசம்

20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வீரர்கள் தலைக்கவசம் இன்றியே ஆடினர். 1933 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் நாள் தொராண்டோ வீரர் ஏசு பெய்லி, பின்னாலிருந்து மோதப்பட்டுத் தலை பனித்தளத்தில் அடிபட வீழ்ந்தார். அவர் உயிர் பிழைத்தாலும் மீண்டும் ஆடவில்லை. அதன் பின்னரும் தலைக்கவசம் பரவவில்லை. அதை அணிவது கோழைத்தனம் என்னும் எண்ணம் வீரரிடையேயும் பார்வையாளரிடையேயும் நிலவியது.

1968 சனவரி 13 அன்று மினசோட்டா நார்த் ஸ்டார்சு அணியின் பில் மாஸ்டர்டன் மோதலில் பின்புறமாக விழுந்து தலையில் அடிபட்டார். இரு நாட்களுக்குப் பின் உயிரிழந்தார். வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டித் தொடரான தேசிய ஹாக்கி லீக்கின் (என்.எச்.எல்.) வரலாற்றில், ஆட்டத்தில் ஏற்பட்ட காயத்தால் நேரடியாக இறந்த ஒரே வீரர் இவரே. எனினும் என்.எச்.எல். தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது 1979 இல்தான். அப்போதும் ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்த வீரர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விலக்கைப் பயன்படுத்திய கடைசி வீரரான கிரெய்க் மக்டேவிசு 1997 இல் ஓய்வு பெற்றார். ஆக, ஒரு மரணத்திலிருந்து அனைவரும் தலைக்கவசம் அணியும் நிலை வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

முகமூடியும் கண்காப்பும்

1959 நவம்பர் 1 அன்று மொன்றியால் அணியின் இலக்குக் காவலர் சாக் பிளான்டின் முகத்தை வட்டு கிழித்தது. தையலிட்ட பின், முகமூடி அணியாமல் களமிறங்க அவர் மறுத்துவிட்டார். முகமூடி பார்வையை மறைக்கும் என்று கருதிய பயிற்றுநர், மாற்றுக் காவலர் இல்லாததால் இணங்க வேண்டியதாயிற்று. பிளான்டு தொடர்ந்து வென்று காட்டியதால் முகமூடி மெல்ல மெல்ல ஏற்கப்பட்டது.

கண் காயங்களைக் குறைத்ததில் தொராண்டோ கண் மருத்துவர் டாம் பாசுபியின் பங்கு குறிப்பிடத்தக்கது. பார்வையிழந்த ஆட்டக்காரர்களின் விவரங்களை 1970களில் திரட்டிய அவர், காப்புக் கருவிகளுக்குத் தர அளவுகள் வகுக்கப்படவும் சிறுவர்களுக்கு முழு முகத்தடுப்பு கட்டாயமாகவும் பாடுபட்டார். தொழில்முறை ஆட்டத்தில் மாற்றம் தாமதமாகவே வந்தது. என்.எச்.எல். கண்ணை மறைக்கும் ஒளிபுகு தடுப்பை 2013-14 பருவத்திலிருந்து புதிய வீரர்களுக்குக் கட்டாயமாக்கியது.

கழுத்துக்காப்பு

1989 மார்ச் 22 அன்று பஃபலோ அணியின் இலக்குக் காவலர் கிளின்ட் மலார்ச்சக்கின் கழுத்தில் எதிரணி வீரரின் சறுக்குத் தகடு பாய்ந்து பெருங்குருதிக்குழாயை வெட்டியது. வியட்நாம் போரில் மருத்துவப் பணியாற்றியிருந்த அணிப் பணியாளர் ஒருவர், காயத்துக்குள் விரல்களை நுழைத்து வெட்டுண்ட குழாயை அழுத்திப் பிடித்ததால் அவர் உயிர் பிழைத்தார். 2008 பெப்ரவரியில் புளோரிடா அணியின் ரிச்சர்டு செட்னிக்குக்கும் இவ்வாறே கழுத்துத் தமனி வெட்டுப்பட்டது, அவரும் பிழைத்தார்.

2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் செபீல்டு நகரில் நாட்டிங்காம் பாந்தர்சு அணிக்காக ஆடிய ஆடம் சான்சன் கழுத்தில் தகடு வெட்டியதால் உயிரிழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் பன்னாட்டுப் பனி வளைதடியாட்டக் கூட்டமைப்பு, அதுவரை இளையோருக்கு மட்டும் கட்டாயமாயிருந்த கழுத்துக்காப்பைத் தன் போட்டிகளில் எல்லா நிலையினருக்கும் கட்டாயமாக்க முடிவு செய்தது. வெட்டைத் தாங்கும் இழைகளால் நெய்யப்பட்ட இக்காப்பு எடை குறைந்தது. மணிக்கட்டுக்கும் கணுக்காலின் பின்புறத்துக்கும் இதே வகைத் துணியாலான உறைகள் கிடைக்கின்றன.

தற்காலக் காப்புடைகள்

இன்று ஒரு வீரர் அணியும் காப்புடைகள்:

* தலைக்கவசமும் முகத்தடுப்பும். சிறுவர், மகளிர் ஆட்டங்களில் முகம் முழுவதையும் மூடும் கம்பிவலை அல்லது ஒளிபுகு தடுப்பு பயன்படுகிறது.
* பற்காப்பு
* கழுத்துக்காப்பு
* தோள், மார்பு, முழங்கை ஆகியவற்றுக்கான திண்டுகள்
* தடித்த கையுறை
* இடுப்பையும் தொடையையும் காக்கும் திண்டு வைத்த அரைக்காற்சட்டை, இடுப்புக்கீழ்க் காப்பு
* முழங்கால், முன்கால் காப்பு
* கணுக்காலை இறுகப் பிடிக்கும் சறுக்குக் காலணி

இவை அளவுக்குப் பொருந்தியிருத்தல் முதன்மையானது. தளர்ந்த தலைக்கவசம் விழும்போது நழுவிவிடும். தாடைவார் கட்டப்படாத கவசம் அணியாததற்கு ஒப்பாகும். வெடித்த கவசத்தை ஒட்டவைத்துப் பயன்படுத்தக் கூடாது. வளர்ந்தபின் பொருந்தட்டும் என்று குழந்தைக்குப் பெரிய காலணி வாங்குவது கணுக்கால் காயத்துக்கு வழிவகுக்கும்.

தலைக்கவசம் மண்டையோடு உடைவதைத் தடுக்கிறது. ஆனால் மண்டைக்குள் மூளை அசைந்து அதிர்வதை அதனால் முழுமையாகத் தடுக்க இயலாது. எனவே, கவசம் அணிந்திருப்பதால் தலையில் மோதலாம் என்று எண்ணுவது தவறாகும்.

விதிகள் வழிப் பாதுகாப்பு

எதிரணி வீரரைத் தோளாலோ இடுப்பாலோ இடித்து வட்டிலிருந்து அகற்றுவது உடல்மோதல் எனப்படும். வளர்ந்தோர் ஆட்டத்தில் இது அனுமதிக்கப்பட்ட உத்தியாகும். சிறுவர்கள் இதை எந்த வயதில் தொடங்கலாம் என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. சிறு வயதிலேயே மோதப் பழகினால் பின்னாளில் காயம் குறையும் என்று சிலர் வாதிட்டனர்.

கனடாவில் அல்பேர்ட்டா மாகாணத்தில் 11, 12 வயதுச் சிறுவர்களுக்கு உடல்மோதல் அனுமதிக்கப்பட்டிருந்தது. கியூபெக் மாகாணத்தில் அனுமதி இல்லை. இவ்விரு மாகாணச் சிறுவர்களையும் ஒப்பிட்டு 2010 இல் வெளியான ஓர் ஆய்வு, அனுமதி இருந்த இடத்தில் காய வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் என்று காட்டியது. அமெரிக்க ஐக்கிய நாடு 2011-12 பருவத்திலிருந்தும் கனடா 2013-14 பருவத்திலிருந்தும் இவ்வயதினருக்கு உடல்மோதலைத் தடை செய்தன. புதிய கருவி எதுவும் வாங்காமல், ஒரு விதியை மாற்றியே காயங்களைக் குறைத்ததற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பின்னாலிருந்து மோதுதல் மிகக் கொடிய தவறாகக் கருதப்படுகிறது. தலை குனிந்த நிலையில் சுற்றுப்பலகையில் முட்டும் வீரரின் கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் சிதையலாம். கனடாவின் நரம்பியல் அறுவை மருத்துவர் சார்லசு டேட்டர் 1980களில் இத்தகைய காயங்களைப் பதிவு செய்து வெளியிட்டதைத் தொடர்ந்து இதற்கான தண்டனை கடுமையாக்கப்பட்டது. சிறுவரின் சட்டை முதுகில் நிறுத்தற் குறி தைக்கும் பழக்கமும் கனடாவில் தோன்றியது. முன்னே செல்பவரின் முதுகு தெரிந்தால் மோதாதே என்பது அதன் பொருள்.

எதிரணியினர் தவறு செய்யாதபோதும் இக்காயம் நேரக்கூடும். 1995 அக்டோபர் 20 அன்று பாசுடன் பல்கலைக்கழக மாணவர் டிராவிசு ராய், தம் முதல் கல்லூரி ஆட்டத்தில் களமிறங்கிய 11 ஆவது வினாடியில் பலகையில் மோதிக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். பலகையை நெருங்கும்போது தலையை நிமிர்த்தி வைத்திருக்குமாறு தொடக்கநிலையிலேயே சிறுவருக்குக் கற்பிக்கப்படுவது இத்தகைய நிகழ்வுகளாலேயே ஆகும்.

மூளையதிர்ச்சி

தலையிலோ உடலிலோ ஏற்படும் அடியின் விசை மூளைக்குக் கடத்தப்பட்டு அதன் செயற்பாடு தற்காலிகமாகக் குலைவது மூளையதிர்ச்சி ஆகும். நினைவிழப்பு நேர்ந்தால்தான் இது என்பதில்லை. பெரும்பாலானோர் நினைவு தப்புவதில்லை. வழக்கமான ஊடுகதிர்ப் படத்திலும் இது தெரிவதில்லை. தலைவலி, மயக்கம், வாந்தி, மங்கிய பார்வை, ஒளியைத் தாங்க இயலாமை, குழப்பம், தடுமாற்றம், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டல், காரணமின்றிச் சினத்தல் அல்லது அழுதல் ஆகியவை அறிகுறிகள்.

பழைய நாட்களில் அடிபட்ட வீரரை முகர்வு உப்பால் தெளிவித்து மீண்டும் களத்துக்கு அனுப்புவர். விளையாட்டில் மூளையதிர்ச்சி குறித்த முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு 2001 இல் வியன்னாவில் நடைபெற்றது. அதன் தொடர்ச்சியாக உருவான நடைமுறையின் சாரம் வருமாறு:

* ஐயம் எழுந்தாலே வீரரை வெளியேற்ற வேண்டும். அன்றைய நாளில் அவர் மீண்டும் ஆடக் கூடாது.
* முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு. அதன்பின் அறிகுறிகளைப் பெரிதும் கூட்டாத அளவில் நடை போன்ற மெல்லிய உடற்பயிற்சி.
* படிப்படியாகச் சறுக்கல், மோதலற்ற பயிற்சி, மருத்துவர் இசைவுக்குப் பின் முழுப் பயிற்சி, இறுதியில் ஆட்டம்.
* மாணவர் முதலில் படிப்புக்கு முழுமையாகத் திரும்ப வேண்டும். அதன் பின்னரே ஆட்டத்துக்கு.

2011 சனவரியில் தலையில் அடிபட்ட புகழ்பெற்ற வீரர் சிட்னி கிராசுபி, அவ்வாண்டு நவம்பர் வரை களத்திலிருந்து விலகியிருக்க வேண்டியதாயிற்று. உலகின் முன்னணி வீரர் ஒருவரே காத்திருந்தது, காத்திருத்தல் கோழைத்தனம் அன்று என்னும் எண்ணம் பரவ உதவியது எனலாம்.

திரும்பத் திரும்ப அடிபடுவதன் நெடுங்கால விளைவும் கவலைக்குரியது. களத்தில் கைகலப்புக்குப் பெயர் பெற்றிருந்த டெரெக் பூகார்டு 2011 இல் 28 வயதில் இறந்தார். பாசுடன் பல்கலைக்கழக ஆய்வாளர் அவரது மூளையை ஆராய்ந்து, தொடர் அடியால் விளையும் மூளைச் சிதைவு நோய் இருந்ததைக் கண்டறிந்தனர்.

இதயமும் மூச்சும் தொற்றும்

மார்பின் நடுவே, இதயத் துடிப்பின் குறிப்பிட்ட நொடிப்பகுதியில் வட்டு தாக்கினால், எலும்பு முறியாமலேயே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும். இது நலமுள்ள இளைஞருக்கும் நேரலாம். மறைந்திருக்கும் இதய நோயாலும் வீரர் களத்தில் வீழலாம். 2005 நவம்பர் 21 அன்று டெட்ராய்ட் அணியின் யிர்சி பிசர் இதயம் நின்று சாய்ந்தபோது, மார்பு அழுத்தமும் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியும் உடனே கிடைத்ததால் உயிர் பிழைத்தார். ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பைப் பெரிதும் குறைப்பதால், கருவி அலுவலக அறையில் பூட்டப்படாமல் களத்தருகே இருத்தல் வேண்டும்.

பனித்தள வீரரிடையே உடற்பயிற்சியால் தூண்டப்படும் மூச்சுக்குழாய்ச் சுருக்கம் மிகுதி. குளிர்ந்த உலர் காற்றை விரைந்து உள்ளிழுப்பது ஒரு காரணம். மூடிய அரங்குகளில் மற்றொரு காரணமும் உண்டு. பனித்தளத்தைச் செப்பனிடும் ஊர்தி எரிபொருளால் இயங்கினால், கார்பன் மோனாக்சைடும் நைட்ரசன் டை ஆக்சைடும் வெளியாகின்றன. காற்றோட்டம் குறைந்தால் வீரருக்கும் பார்வையாளருக்கும் தலைவலி, இருமல், மூச்சுத்திணறல் ஏற்படும். மின்கலத்தால் இயங்கும் ஊர்தியும் காற்றோட்டமும் இதற்குத் தீர்வாகும்.

வியர்வையில் நனைந்த காப்புடைகளைப் பையிலேயே அடைத்து வைத்தால் தோல் தொற்று பரவும். அவற்றை ஆட்டத்துக்குப் பின் விரித்து உலர்த்த வேண்டும். தண்ணீர்க் குப்பியைப் பகிர்தலும் கூடாது. 2014 இல் என்.எச்.எல். அணிகளிடையே பொன்னுக்குவீங்கி பரவியது இவ்வகைத் தொற்றுக்குச் சான்று.

இந்தியாவில் பனி வளைதடியாட்டம்

ஆங்கிலேயர் காலத்தில் சிம்லாவில் பனிச்சறுக்கு ஆடப்பட்டது. அங்குள்ள சறுக்குத்தளம் 1920 இல் தொடங்கப்பட்டது. லடாக்கில் 1970களில் படைவீரர் வழியாக இவ்வாட்டம் பரவியது. தொடக்கத்தில் இராணுவக் காலணியின் அடியில் உலோகத் தகடு பொருத்திச் சறுக்கினர் என்று கூறப்படுகிறது. லடாக்கு குளிர்கால விளையாட்டுக் கழகம் 1985 இல் தோன்றியது. இந்தியப் பனி வளைதடியாட்டச் சங்கம் 1989 இல் பன்னாட்டுக் கூட்டமைப்பில் உறுப்பாண்மை பெற்றது. ஆடவர் தேசிய அணி 2009 இல் அபுதாபியிலும், மகளிர் அணி 2016 இல் தாய்பெயிலும் முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டியில் ஆடின. மகளிர் அணி 2017 இல் பாங்காக்கில் பிலிப்பைன்சை வென்று முதல் வெற்றியைப் பெற்றது. 2025 இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடைபெற்ற மகளிர் ஆசியக் கோப்பையில் வெண்கலப் பதக்கம் வென்றது.

காப்புடைத் தட்டுப்பாடு

இந்தியாவில் காப்புடைகள் தயாரிப்பு மிக அரிது. இறக்குமதி செய்யப்படும் முழுத் தொகுதி ஒன்றின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. எனவே லடாக்கு வீரர்கள் பலர் கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நன்கொடையாக வந்த பழைய காப்புடைகளில் ஆடப் பழகினர். ஒருவர் கழற்றித் தர மற்றவர் அணிந்து ஆடிய காலமும் உண்டு. ஒலிம்பிக் வீராங்கனையும் பின்னர் மருத்துவரானவருமான கனடாவின் ஹெய்லி விக்கன்ஹெய்சர் 2018 இன் தொடக்கத்தில் லே நகருக்கு வந்து பயிற்சியளித்ததோடு காப்புடைகளும் கொண்டுவந்தார்.

பழைய காப்புடை இல்லாததைவிட மேலானது. ஆயினும் அதில் கவனிக்க வேண்டியவை உள்ளன. தலைக்கவசத்தின் உள்திண்டு காலப்போக்கில் இறுகி அதிர்ச்சி தாங்கும் திறனை இழக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். பகிர்ந்து அணியும்போது ஒவ்வொரு முறையும் வார்களை அணிபவர் அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். எல்லோருக்கும் போதாதபோது, முதலில் தலைக்கவசம், முகத்தடுப்பு, கழுத்துக்காப்பு ஆகியவை உள்ளவரே களமிறங்குவது என்றும், மற்றவர் வட்டில்லாச் சறுக்குப் பயிற்சி செய்வது என்றும் வகுத்துக்கொள்ளலாம்.

உயரம்

லே நகரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிசன் அந்த அளவுக்குக் குறைகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தோர் உடல் இதற்குப் பழகியது. சமவெளியிலிருந்து வானூர்தியில் சில மணி நேரத்தில் சென்று இறங்குபவருக்கு உயர மலை நோய் வரலாம். தலைவலி, பசியின்மை, குமட்டல், உறக்கமின்மை, சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள்.

இதன் முற்றிய வடிவங்கள் இரண்டு. நுரையீரலில் நீர் கோத்து, ஓய்விலும் மூச்சுத்திணறலும் இருமலும் ஏற்படுவது ஒன்று. மூளை வீங்கி, தள்ளாட்டமும் குழப்பமும் தோன்றுவது மற்றொன்று. இரண்டும் உயிர்க்கொல்லிகள். இவை பற்றிய உலக மருத்துவ அறிவில் இந்தியாவின் பங்கு பெரியது. 1962 ஆம் ஆண்டுப் போரை ஒட்டி இமயமலைக்கு விரைந்து அனுப்பப்பட்ட வீரர்களுள் நோயுற்ற 1,925 பேரை ஆராய்ந்து, இந்திய இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1969 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இந்திய இராணுவம் இவ்வுயரத்துக்கு வருவோரை முதல் கட்டமாக ஆறு நாட்கள் பழக்குகிறது. முதல் இரு நாட்கள் ஓய்வு, அடுத்த நாட்களில் சமதள நடை, பின்னர் சிறு ஏற்றம் என்று அது அமையும். விளையாட்டு வீரருக்கும் இம்முறை பொருந்தும். உடல் வலிமை மிக்கவருக்கு மலை நோய் வராது என்பது தவறான நம்பிக்கை. வலிமை மிக்கவர் முதல் நாளிலேயே கடுமையாகப் பயிற்சி செய்வதால் இடர் கூடவே செய்கிறது. அறிகுறி தோன்றினால் பயிற்சியை நிறுத்த வேண்டும். முற்றினால் ஆக்சிசன் அளித்துத் தாழ்ந்த இடத்துக்கு இறக்குவதே முதன்மையான சிகிச்சை.

குளிரும் வெயிலும்

லேயில் குளிர்கால இரவு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியசு அளவுக்கும் இறங்கும். திறந்தவெளித் தளத்தில் விரல்நுனி, காதுமடல், மூக்கு ஆகியன உறைந்து கெடக்கூடும். உணர்வற்று வெளிறிய விரலைத் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது. மீண்டும் உறையும் வாய்ப்பு இல்லாத இடத்தில் இளஞ்சூட்டு நீரில் வைக்க வேண்டும். இடைவேளையில் வியர்வை நனைந்த உள்ளாடையை மாற்றுவது உடல் வெப்பத்தைக் காக்கும்.

பகலில் எதிர்மாறான இடர் உண்டு. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புறவூதாக் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. பனிப்பரப்பு அதை எதிரொளித்துக் கண்ணைத் தாக்குகிறது. கதிர்த்தடுப்புக் கண்ணாடி இன்றி நெடுநேரம் நின்றால் பனிக்குருடு எனப்படும் கருவிழி அழற்சி ஏற்படும். குளிரில் தாகம் தோன்றாவிடினும் உலர்ந்த காற்றால் உடல் நீரை இழக்கிறது. ஆகவே தாகத்துக்குக் காத்திராமல் நீர் அருந்த வேண்டும்.

இயற்கைப் பனிக்கட்டி

லடாக்குக் கிராமங்களில் குளங்களிலும், நீர் பாய்ச்சி உறைய வைத்த நிலங்களிலும் ஆடுகின்றனர். ஆட்டப் பருவம் பொதுவாக டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நீடிக்கும். இத்தளங்களில் வெடிப்பும் மேடுபள்ளமும் கல்லும் இருக்கலாம். தகடு அவற்றில் சிக்கினால் வீரர் தலைகுப்புற விழுவார். ஆழமான குளமாயின் உடைந்து மூழ்கும் இடர் உண்டு. தெளிந்த கெட்டியான பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. தடிப்பு இருந்தால்தான் ஒருவர் நடக்கலாம் என்பது பொதுவான வழிகாட்டல். ஓர் அணியே ஆட அதனினும் கூடுதல் தடிப்பு தேவை. நண்பகல் வெயிலிலும் பருவ இறுதியிலும் மீண்டும் அளக்க வேண்டும். கரையில் கயிறும் ஏணியும் வைத்திருத்தல் நன்று.

சென்னையிலிருந்து பனித்தளத்துக்கு

தமிழ்நாட்டில் பனி வளைதடியாட்டத்துக்கு உரிய இயற்கைச் சூழல் இல்லை. ஆயினும் சக்கரச் சறுக்கு சென்னையில் வேரூன்றியுள்ளது. 2023 இல் காங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 3,000 மீட்டர் தொடர் சறுக்கோட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணிகளில் சென்னையைச் சேர்ந்த ஆரத்தி கஸ்தூரிராசு, ஆனந்த்குமார் வேல்குமார் ஆகியோர் இடம்பெற்றனர். பெசன்ட் நகர் எலியட் கடற்கரைச் சாலையில் 2014 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஊர்தியில்லா ஞாயிறு நிகழ்ச்சியின்போது, காலை வேளைகளில் அச்சாலை நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் சறுக்குவோருக்கும் திறந்துவிடப்பட்டது. இந்தியாவில் பனித்தளத்துக்கு வருவோர் பலர் சக்கரச் சறுக்கில் பழகியவர்களே.

இவர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, நிற்கும் முறை. சக்கரக் காலணியில் வேகம் குறைக்கும் முறையும், பனியில் தகட்டைக் குறுக்கே திருப்பிச் சீவி நிற்கும் முறையும் வேறு. சக்கரத்தில் பெற்ற வேகம் பனியில் உடனே கைவரும். நிற்கும் திறன் கைவராது. எனவே வட்டைத் தொடுமுன் நிற்கவும் விழவும் எழவும் பழக வேண்டும். இரண்டாவது, காப்புடை. சக்கரச் சறுக்கின் மென்மையான தலைக்கவசம் வட்டின் அடியைத் தாங்குவதற்கு உரியதன்று. அதில் முகத்தடுப்பும் இல்லை.

மூன்றாவது, உயரம். பெசன்ட் நகர்க் கடற்கரை கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்களே மேலுள்ளது. அங்கு மாலையில் சறுக்கிய ஒருவர் மறுநாள் நண்பகலுக்குள் 3,500 மீட்டர் உயரத்தில் நிற்க இன்றைய வானூர்திப் பயணம் இடமளிக்கிறது, உடல் இடமளிப்பதில்லை. பயணத் திட்டத்தில் பழகுநாட்களைச் சேர்க்காமல், இறங்கிய நாளே பயிற்சி என்று வகுப்பது ஆபத்தானது. விடுமுறையும் செலவும் குறுகியதாயின், தாழ்ந்த இடத்திலுள்ள தளங்களில் அடிப்படைப் பயிற்சி பெறலாம். அரியானாவின் குருகிராமில் வணிக வளாகம் ஒன்றில் அமைந்த சிறு பனித்தளத்தில் தேசிய அணியினரும் பயின்றுள்ளனர். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் கட்டப்பட்ட அரங்கு, நெடுங்காலம் மூடிக் கிடந்தபின் 2025 இல் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

களத்தில் முன்னேற்பாடு

சிறிய கழகமும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை பின்வருமாறு:

* ஆட்டத்துக்கு முன் களத்தைச் சுற்றி வந்து வெடிப்பு, கல், தளர்ந்த பலகை ஆகியவற்றைப் பார்த்தல்.
* காப்புடை முழுமையாக இல்லாதவரைக் களமிறக்காதிருத்தல்.
* முதலுதவி அறிந்த ஒருவரும், அழுத்தக் கட்டுத் துணியும், ஆக்சிசனும் அருகில் இருத்தல்.
* வெட்டுக்காயத்தில் துணியாலோ கையாலோ இடைவிடாது அழுத்துதல். கழுத்தோ முதுகோ அடிபட்டவரை அசைக்காதிருத்தல்.
* அருகிலுள்ள மருத்துவமனை, அதற்கான ஊர்தி, செல்லும் வழி ஆகியவற்றை முன்கூட்டியே உறுதி செய்தல். லே நகரில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை உள்ளது. தொலைக் கிராமங்களிலிருந்து அங்கு வரப் பல மணி நேரம் ஆகலாம்.
* வீரரை வெளியேற்றும் இறுதி முடிவை, வெற்றி தோல்வியில் பங்கில்லாத ஒருவரிடம் ஒப்படைத்தல்.

இவற்றுள் கடைசியாகக் கூறியது எளிதாகத் தோன்றினும் நடைமுறையில் கடினமானது. அடிபட்ட வீரர் தாம் நலமாக இருப்பதாகவே கூறுவார்; பயிற்றுநருக்கும் அவர் தேவைப்படுவார். பெய்லியின் காலம் முதல் இன்று வரை, கருவி கையில் இருந்தும் அணியப்படாததாலும், அறிகுறி தெரிந்தும் ஆட்டம் தொடர்ந்ததாலுமே பல காயங்கள் பெரிதாகின. ஐயம் வந்தால் அமரவை என்னும் விதியை ஆட்டம் தொடங்குமுன்னரே இரு அணிகளும் ஒப்புக்கொண்டால், ஆட்டத்தின் நடுவே அதைப் பற்றி வாதிட வேண்டிய தேவை எழாது.